கல்லோடு வந்தவர்கள்

இந்தக் கதையில் வரும் அண்ணன் தம்பி மூன்று பேரும் தங்கமானவர்கள். அதை இப்போதே சொல்லிவைக்கிறேன். போகப் போக வேறு மாதிரித் தோன்றும்.

மூத்தவர் ஆவுடையப்பன். அடுத்தவர் குற்றாலம். கடைக்குட்டி சொரிமுத்து, கடைக்குட்டிக்கே நாற்பது வயது. பூவாணிக்குளத்தில் இவர்களுடைய அக்கா உலகம்மாளுக்கு ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. அக்காதான் முதலாளி. பாய் விரிப்பது, பந்தியில் தண்ணீர் வைப்பது, வாசலில் பன்னீர் தெளிப்பது எல்லாம் தம்பிகள். பன்னீர் தெளிக்கச் சொன்னால் செம்பு காலியாகும்வரை முதலில் வந்தவர் மேலேயே தெளிப்பார்கள். நிறுத்தச் சொல்லித் தனியாக ஒரு ஆள் போக வேண்டும்.

எதிர்த்தாற்போல ஏசி மண்டபம் ஒன்று வந்ததும் இங்கே கல்யாணம் குறைந்துபோனது. உலகம்மாள் யோசித்து, சுற்றுவட்டாரத்தில் எங்கும் இல்லாத ஒன்றை வாசல் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். கடல்தண்ணீர் மீன்தொட்டி. தூத்துக்குடியில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் மச்சாது அண்ணாச்சி நேரில் வந்து, உப்புத் தண்ணீர் கலந்து, கடலில் ஊறிய கல் ஒன்றை நடுவில் வைத்து, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடியை விட்டுவிட்டுப் போனார். அன்றைக்குத் தம்பிகள் மூவரும் தென்காசிக்கு நாற்காலி எடுக்கப் போயிருந்ததால் அவரைப் பார்க்கவில்லை.

தொட்டிக்கு உடனே பலன் கிடைத்தது. மண்டபம் பார்க்க வந்த செண்பகா என்ற கல்யாணப் பெண் மீனைப் பார்த்துவிட்டு அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அவளுடைய அப்பா அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றி மண்டபத்தைப் பேசி முடித்தார். செண்பகா மட்டும் ஒன்று சொன்னாள். "மீனு முன்னாடி நின்னுதான் நாங்க போட்டோ எடுப்போம். அன்னைக்கு ரெண்டு மீனும் வெளிய தெரியணும். இல்லைன்னா இப்பவே சொல்லிருங்க, எதிர்த்த மண்டபத்துல கேக்கோம்."

இந்த நேரத்தில்தான் உலகம்மாளின் மகளுக்குத் திருப்பூரில் பிரசவ நாள் நெருங்கியது. அக்கா கிளம்பும்போது தம்பிகளைத் தொட்டி முன்னால் வரிசையாக நிறுத்தினாள்.

"நீங்களா ஒண்ணும் யோசிக்காதீங்க. மச்சாது அண்ணாச்சி போன்ல என்ன சொல்லுதாரோ அதை அப்படியே செய்ங்க. ஒரு எழுத்து மாறக் கூடாது."

"மாறாது அக்கா," என்றார் ஆவுடையப்பன். மாறவில்லை. வினையே அதுதான்.

முதல் நாள் மச்சாது போனில் சொன்னது ஒன்றே ஒன்று. "டெய்லி உப்பு பாருங்க தம்பி." அதற்கென்று ஒரு சின்னக் கருவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை யாரும் தொடவில்லை. உப்புப் பார்ப்பது எப்படி என்று கல்யாண மண்டபத்துக்காரர்களுக்கா தெரியாது. ஆவுடையப்பன் ஒரு கரண்டி மொண்டு உள்ளங்கையில் விட்டு நக்கினார்.

"உப்பு சரியாத்தான் இருக்கு."

குற்றாலமும் நக்கிப் பார்த்தார். "சரிதான். ஆனா காரம் இல்லை."

"காரத்தைப் பத்தி அண்ணாச்சி சொல்லலை. நாம யோசிக்கக் கூடாது."

சொரிமுத்து ஒரு தம்ளர் குடித்துவிட்டு, பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். நினைத்ததைச் சொல்லவில்லை.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் காலையில் கல்லின் பொந்திலிருந்து ஏதோ ஒன்று தலையை நீட்டியது. செம்பட்டை நிறம், இரண்டு பக்கமும் மயிர், நீளமாக ஒரு புழு. பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

"அண்ணே, நாம எத்தனை மீன் விட்டோம்?"

"ரெண்டு."

"அப்போ இது யாரு?"

மூன்று பேரும் தொட்டிமுன் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். அழைக்காமல் ஆள் வருவது மண்டபத்துக்குப் புதிதில்லை. அப்படி வருகிறவரைப் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்று நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண்வீட்டுக்காரர் என்று நினைப்பார்கள், வந்தவர் பாயசம்வரை சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். இங்கேயும் அதுதான் நடந்திருக்கிறது என்று குற்றாலம் சொன்னார். ஆண்மீன், இது பெண்மீனுக்குச் சொந்தம் போல என்று சும்மா இருக்கிறது. பெண்மீன், ஆண்மீனுக்குச் சொந்தம் போல என்று சும்மா இருக்கிறது.

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கேட்டுக்கிட்டா விஷயம் வெளிய வந்துரும்," என்றான் சொரிமுத்து.

"கேக்காதுலே. மரியாதைக் குறைச்சலாப் போயிரும்."

மச்சாதுவுக்குப் போன் போட்டார்கள். அவர் சிரித்தார். "கல்லோட ஒட்டிக்கிட்டு ஓசில வந்திருக்கும் தம்பி. பயப்படாதீங்க. அதுல சாதுவும் உண்டு, மீனைப் பிடிச்சுத் திங்கிறதும் உண்டு. முதல்ல யாரு யாரு வந்திருக்கான்னு கண்டுபிடிக்கணும்."

கல்யாணத்தன்று யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது குற்றாலத்துக்குத் தெரியும். மைக்கைப் போட்டார். "கல்லோடு வந்திருக்கும் அன்பர்கள் அனைவரும் உடனடியாக வாசல் கூடத்துக்கு வரும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்று காலியான மண்டபத்தில் மூன்று முறை அறிவித்தார். தெருவில் போய்க்கொண்டிருந்த ஜல்லி லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து என்ன விஷயம் என்று கேட்டார். அவரை நன்றாகப் பார்த்துவிட்டு, நீங்கள் இல்லை என்று அனுப்பிவைத்தார்கள்.

"சரி, போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் பாத்துச் சொல்லுதேன்," என்றார் மச்சாது.

மண்டபத்தில் ஒரே ஒரு போட்டோதான் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்து, சாக்கில் சுற்றி, தூத்துக்குடி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினார்கள். சாயங்காலம் மச்சாது கூப்பிட்டார்.

"தம்பி, மாலை போட்டு ஒருத்தர் படம் வந்திருக்கு. யாரு இவரு?"

"எங்க அப்பா."

"அவரு தொட்டிக்குள்ளயா இருக்காரு?"

"இல்ல அண்ணாச்சி, அவரு காலமாயி எட்டு வருசம் ஆச்சு."

மச்சாது, இனிமேல் போட்டோ வேண்டாம், வாயாலேயே சொல்லுங்கள் போதும் என்றார். "யாருன்னு தெரியிற வரைக்கும் அந்தக் கல்லு மேல ஒரு கண்ணு வைங்க. புழுவைப் பாத்தாக் கையால தொட்டுறாதீங்க. மயிர் குத்தினா எரியும்."

கண் வைக்கச் சொன்னதும் ஆவுடையப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு அம்மன் கோயில் கடைக்குப் போனார். கண்வலி வந்தவர்கள் நேர்ந்துகொண்டு அம்மனுக்குச் சாத்துவார்களே, வெள்ளித் தகட்டில் செய்த கண்மலர், அதைக் கேட்டார். கடைக்காரர் ஒரு ஜோடி கொடுத்தார்.

"ஒரு கண்ணுதான் வேணும்," என்றார் ஆவுடையப்பன்.

"ஒத்தைக் கண்ணா? அம்மனுக்கு ஆகாதே."

"அம்மனுக்கு இல்ல. கல்லுக்கு."

ஜோடியைப் பிரிக்கக் கடைக்காரர் ஒப்பவில்லை. இரண்டையும் வாங்கிவந்து ஒன்றைக் கல்லின் உச்சியில் வைத்தார்கள். இன்னொன்றைச் சொரிமுத்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அண்ணாச்சி சொன்னபடி ஒரு கண் வைத்தாகிவிட்டது என்று அன்று மூவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மறுநாள் குற்றாலத்துக்குப் புழு தரிசனம் கிடைத்தது. கண்ணாடி ஓரமாகவே வந்து நின்றது. கையால் தொடக்கூடாது என்று அண்ணாச்சி சொல்லியிருந்ததால், ஸ்டூலில் ஏறி வேட்டியை மடித்துக் கட்டி, கால் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். அதன்பிறகு கொஞ்ச நேரம் மண்டபம் முழுவதும் ஒற்றைக்காலில் சுற்றிவந்தார்.

"எரியுதா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"எரியுது. கால்ல தொட்டாலும் எரியும்னு அண்ணாச்சி சொல்லலையே."

"அவருக்கே தெரியாதோ என்னமோ. போன் போட்டுச் சொல்லு. கடை வச்சிருக்க மனுசன், உபயோகமா இருக்கும்."

இதற்கிடையில் தொட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. டக். விரலைச் சொடுக்கிய மாதிரி ஒரு சத்தம். ஆள் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. முதல் சொடக்குக்குச் சொரிமுத்து ஓடிப்போய்த் தொட்டிமுன் நின்று, "என்ன வேணும்?" என்று கேட்டான். கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். திரும்பி நடந்தான். டக். மறுபடி ஓடினான். மத்தியானத்துக்குள் அவனுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

குற்றாலத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த மண்டபத்துல கலெக்டர் வந்து சாப்பிட்டிருக்காரு. அவரே தம்பின்னுதான் கூப்பிட்டாரு. கூப்பிடாம வந்தவன் சொடக்குப் போட்டுக் கூப்பிடுதான்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரனாத்தான் இருக்கும்," என்றார் ஆவுடையப்பன். "இந்த அதிகாரம் அவங்களுக்குத்தான் வரும்."

அதற்குள் இன்னொரு விவகாரம். கல் உச்சியில் வைத்த கண் அங்கே இல்லை. தேடினார்கள். கல்லின் அடிவாரத்தில் மணலில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல நகர்ந்து இடதுபக்கம் போனது. நின்றது. மூன்று பேரையும் பார்த்தது. பிறகு பொந்துக்குள் போய்விட்டது.

"நாம வச்ச கண்ணு நம்மளையே பாக்குது," என்றான் சொரிமுத்து. சட்டைப்பையில் இருந்த ஜோடிக் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அது நகரவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை வேறு. கோமாளி மீன் இரண்டையும் காணவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. யாரோ தின்றிருக்கிறார்கள் என்று மூவருக்கும் சந்தேகம். ஆவுடையப்பன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அக்கா திரும்பி வந்து தொட்டியைப் பார்ப்பாள், தங்களைத் திட்டமாட்டாள், பேசாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள். அதை நினைத்ததும் அவர் மச்சாதுவுக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

மச்சாது பொறுமையாகக் கேட்டார். "கண்ணு நடக்குதுன்னா அது ஒட்டு நண்டு தம்பி. எது கிடைச்சாலும் முதுகுல ஒட்டிக்கிட்டுத் திரியும். சாது. சத்தம் போடுதது சொடக்கு இறால். கொடுக்கைச் சொடுக்கும். பாத்தா உங்க சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். அதுவும் மீனை ஒண்ணும் செய்யாது. அந்தப் புழு மிச்சம் மீதியைத் தின்னு தொட்டியைச் சுத்தமா வச்சிருக்கும். மூணுமே நல்லதுதான்."

"அப்போ மீனைத் தின்னது யாரு?"

"யாரும் திங்கலை. நீங்க மூணு பேரும் நாள் முழுக்கக் கண்ணாடியில மூஞ்சியை ஒட்டிக்கிட்டு நின்னா மீனு பயப்படாதா? கல்லுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும். கல்யாணம் முடியிற வரைக்கும் தொட்டிப் பக்கம் மூஞ்சியைக் காட்டாதீங்க. தானா வெளிய வரும். நானே ஒருநாள் நேர்ல வாரேன். அந்தக் கண்ணை நான் பாக்கணும்."

தொட்டி இருப்பதோ வாசல் கூடத்தில். தம்பிகள் வேலை செய்வதும் அங்கேதான். ஆகவே அந்த நிமிடமே மூன்று பேரும் துண்டால் முகத்தை மூடிக் கட்டிக்கொண்டார்கள். மறுநாள் முழுவதும் தடவித் தடவியே பாய் விரித்தார்கள். வாழைமரம் கட்டினார்கள். வாழைமரத்தில் ஒன்றைத் தூணில் கட்டுவதற்குப் பதில் சமையல்காரரோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அவர் நல்லவர், அவிழ்த்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று விடிந்ததும் விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். வாசலில் முகம் தெரியாமல் துண்டு கட்டிய மூன்று பேர் பன்னீர்ச் செம்போடு நின்று, சத்தம் வந்த திசையில் தெளித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இது பெண்வீட்டு வழக்கம் போல என்று நினைத்தார்கள். பெண்வீட்டார் இது மாப்பிள்ளை வீட்டு வழக்கம் போல என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

மச்சாது சொன்னது பலித்தது. கோமாளி மீன் இரண்டும் வெளியே வந்து ஒன்றையொன்று உரசிக்கொண்டு கண்ணாடி ஓரமாக நீந்தின. செண்பகா பட்டுச்சேலையோடு ஓடிவந்து தொட்டிமுன் மண்டியிட்டுப் பார்த்தாள். அவள் சிரித்த சிரிப்பு துண்டுக்குள்ளிருந்த ஆவுடையப்பனுக்குக் கேட்டது. மீன் வந்துவிட்டது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டார். அவருடைய துண்டு கொஞ்சம் நனைந்தது. பன்னீர் என்று சொல்லிக்கொண்டார்.

போட்டோ எடுக்கும்போது மாப்பிள்ளையின் அம்மாவும் பக்கத்தில் நின்றாள். அந்த நேரம் பார்த்துக் கல்லின் பொந்திலிருந்து வெள்ளிக் கண் மெதுவாக வெளியே வந்து அவளைப் பார்த்தது.

"அம்மன் கண் தொறந்துட்டா," என்று அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கல்யாணம் முடிவதற்குள் தொட்டிமுன் ஒரு வரிசை நின்றது. கற்பூரம் வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது. டக் என்று சத்தம் வந்தபோதெல்லாம் கூட்டம் உத்தரவு கிடைத்ததாக எடுத்துக்கொண்டது. தங்கள் வீட்டுக் கல்யாணமும் இனி இந்த மண்டபத்தில்தான் என்று நாலைந்து குடும்பத்தார் அங்கேயே பேசிக்கொண்டார்கள். எதிர்த்த ஏசி மண்டபத்துக்காரரும் வந்து வரிசையில் நின்றார்.

இதெல்லாம் போனில் திருப்பூருக்குப் போனது. உலகம்மாள் பேரனைக் கையில் வைத்துக்கொண்டே மச்சாதுவுக்குப் போன் போட்டு, இன்னொரு கல் உடனே வேண்டும் என்றாள். பக்கத்து ஊரில் ஒரு வேலையாக வந்திருந்த மச்சாதுவிடம் நல்ல கல் ஒன்று இருந்தது. அப்படியே பஸ் ஏறிவிட்டார். பஸ்ஸிலிருந்து ஆவுடையப்பனைக் கூப்பிட்டார்.

"தம்பி, புதுக் கல்லு வருது. இந்தத் தடவை சரியாச் செய்யணும். கல்லோட எது வந்தாலும் நேரா உள்ள விடக் கூடாது. தனியா ஒரு பாத்திரத்துல உப்புத் தண்ணி ஊத்தி, அதுல ஒரு வாரம் போட்டு வைங்க. சாதுதான்னு தெரிஞ்ச பொறவு உள்ள விடலாம்."

"அப்படியே செய்யுதோம் அண்ணாச்சி."

பின்கட்டில் சாம்பார் அண்டா ஒன்று கழுவிக் கவிழ்த்திருந்தது. அதை நிமிர்த்தி உப்புத் தண்ணீர் நிரப்பித் தயாராக வைத்தார்கள். கல்யாணம் முடிந்துவிட்டதால் துண்டையும் அவிழ்த்துவிட்டார்கள். சற்று நேரத்தில் நடுவயது மனிதர் ஒருவர், நனைந்த சாக்கில் சுற்றிய கல்லை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பின்கட்டு வழியாக வந்தார்.

"கல்லு வந்துட்டு," என்றார் குற்றாலம்.

"கல்லோட ஒருத்தர் வந்திருக்காரு," என்றான் சொரிமுத்து.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்லை ஒரு வாளியில் வைத்தார்கள். கல்லோடு வந்தவரை வேட்டி பனியனோடு தூக்கி அண்டாவில் இறக்கினார்கள். சட்டை மட்டும் நனையாமல் இருக்கட்டும் என்று முன்னாலேயே கழற்றிக் கொடியில் போட்டிருந்தார்கள். மூளைக்குப் போகவேண்டிய சத்தெல்லாம் அவர்களுக்குத் தோளில் சேர்ந்திருந்ததால், அவர் திமிறியது ஒன்றும் பலிக்கவில்லை.

"தம்பி, நான்தான் மச்சாது," என்றார் அவர் கழுத்தளவுத் தண்ணீரில்.

"எல்லாரும் ஒரு பேரைச் சொல்லிக்கிட்டுத்தான் வருதாங்க," என்றார் ஆவுடையப்பன் மரியாதையாக. "ஒரு வாரம் இருங்க. சாதுவான்னு பாத்துட்டு உள்ள விடுவோம்."

"சாதுவாத்தான் தெரியுது," என்றான் சொரிமுத்து.

"எதுக்கும் அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்." ஆவுடையப்பன் போனை எடுத்து எண்ணைத் தட்டினார். கொடியில் தொங்கிய சட்டையில் மணி அடித்தது. குற்றாலம் அதை எடுத்துவந்து அண்டாவில் இருந்தவரிடம் கொடுத்தார். "உங்களை யாரோ கூப்பிடுதாங்க. பேசிக்கிடுங்க."

மச்சாது ஈரக் கையால் போனை வாங்கிக் காதில் வைத்தார். "ஹலோ."

"அண்ணாச்சி, ஆவுடையப்பன் பேசுதேன்," என்றார் எதிரே நின்றவர். "கல்லோட ஒருத்தர் வந்திருக்காரு. அண்டாவுல போட்டிருக்கோம்."

மச்சாது கண்ணை மூடித் திறந்தார். "அவரை எனக்கு நல்லாத் தெரியும் தம்பி. ரொம்பச் சாது. வெளிய எடுத்துத் துவட்டி, இலை போட்டுச் சாப்பாடு போடுங்க."

"சரி அண்ணாச்சி. நீங்க எப்போ வாறீங்க?"

மச்சாது போனை அணைத்தார். ஆவுடையப்பன் அவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். "உங்களுக்கு நல்ல நேரம். எங்க அண்ணாச்சி சொல்லிட்டாரு. அவரு வந்ததும் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்க."

வெள்ளை வேட்டி ஒன்று கொடுத்து, முதல் பந்தி மாதிரியே இலை போட்டு, வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். அதன்பிறகு அண்ணாச்சியை வரவேற்பதற்காக மூன்று பேரும் மாலையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். மச்சாதுவும் ஊருக்குப் போக அங்கேதான் வரவேண்டியிருந்ததால் கூடவே வந்து நின்றார். ஒரு பஸ் வந்தது. இன்னொரு பஸ் வந்தது. ஒவ்வொரு முறையும் மூவரும் மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, இறங்குகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துவிட்டு வாடிப்போய்த் திரும்பினார்கள்.

நாலாவது பஸ்ஸும் காலியானபோது, அவர்களோடு சேர்ந்து ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்த மச்சாது, தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"பாவம், நல்ல மனுசன். எங்கயும் இறங்காம தூங்கிட்டாரோ என்னமோ."